விரட்டிட்டு எண்ணினவன்

இல்லம்மா, பெல்ட் சரியாத்தான் மாட்டியிருக்கேன். இழுத்து இழுத்துப் பாக்கறது அதுக்காக இல்ல. கைக்கு ஒரு வேலை வேணும். மறைச்சு என்ன ஆகப்போகுது, எனக்குப் பயம். மிட்டாய் வேண்டாம்மா, நீங்களே வச்சுக்கங்க. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டுக் கிடக்கு, அதப் போட்டா அதுவும் சேந்து ஒட்டிக்கும்.

ஆமா, பிளேன்ல ஏறறது முதல் தடவதான். ஆனா இது முதல் தடவப் பயம் இல்ல. பிளேன் வாசல்ல நின்ன பொண்ணுகூட அப்படித்தான் நினைச்சுக்கிச்சு. அங்கிள், ஒண்ணும் ஆகாது, கண்ண மூடிக்கிட்டு ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணுங்கன்னு சொல்லுது. என்கிட்டப் போய் எண்ணச் சொல்லுது! நான் என்ன வேலை பாத்தவன்னு தெரிஞ்சா அந்த வார்த்தையச் சொல்லியிருக்காது.

இதே ஏர்போர்ட்லதான்மா. இருபத்திரெண்டு வருஷம். அட, பைலட் எல்லாம் இல்ல, என் மூஞ்சியப் பாத்தா அப்படியா தெரியுது? பறவை விரட்டறவன். சிரிங்க, பரவாயில்ல, எல்லாரும் சிரிப்பாங்க. பொண்ணு பாக்கப் போனப்ப என் மாமனார் ரெண்டு தடவ திருப்பிக் கேட்டாரு. அப்ப நான் வேற ஊர்ல, வயல்ல பறவை விரட்டற வேலைல இருந்தேன், இங்க சேந்தது அப்புறம். ஆனா சம்பளத்துக்குப் பறவை விரட்டற ஒரு ஆள் இல்லாம எந்த ஏர்போர்ட்டும் நடக்காது. ரன்வே ஓரமா ஜீப்புல சுத்திக்கிட்டே இருக்கணும். எங்கயாவது உக்காந்திருந்தா பக்கத்துல போய், வேட்டுத் துப்பாக்கியால வானத்தப் பாத்து ஒண்ணு போடணும். குண்டெல்லாம் கிடையாது, வெறும் சத்தம். எழும்பிப் போயிடும். அப்புறம் வயர்லெஸ்ல டவருக்கு, பாதை சுத்தம்னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் பிளேனுக்கு உத்தரவு கொடுப்பாங்க. அங்க என் பேரே யாருக்கும் தெரியாது. வேட்டுன்னுதான் கூப்பிடுவாங்க. வேட்டு வந்தாச்சா, வேட்டு சாப்பிட்டாச்சா, இப்படித்தான்.

கதவச் சாத்திட்டாங்களா? சாத்திட்டாங்க.

மணி என்னம்மா ஆகுது? அஞ்சே முக்காலா. இதுதான், இதுக்குத்தான் எனக்கு உயிர் போகுது. இந்த பிளேன் கிளம்ப வேண்டியது ஒண்ணே முக்காலுக்கு. நான் ஏன் தேடிப் பிடிச்சு ஒண்ணே முக்கால் பிளேனுக்கு டிக்கெட் போட்டேன் தெரியுமா? அந்த நேரத்துல ஒரு பறவை இருக்காது. எல்லாம் இரை தேடி ஆத்துப் பக்கம் போயிருக்கும். வீட்டுக்காரி போன்ல திட்டினா, காலையில வந்தா மத்தியானம் சாப்பாட்டுக்கு இருக்கலாம்லன்னு. அவ ஒரு மாசமா பொண்ணு வீட்டுலதான் இருக்கா. பொண்ணுக்கு ஒன்பதாம் மாசம் நடக்குது. வேணாம், எனக்கு ஒண்ணே முக்கால்தான் வசதின்னேன். காரணம் சொல்லல. அப்புறம் இங்க வந்து உக்காந்தா, ஒரு மணி நேரம் தாமதம்னான். அப்புறம் இன்னொரு ஒரு மணி நேரம், இப்படியே நாலு மணி நேரம் ஆயிடுச்சு. கண்ணாடி வழியா வெயில் சாயறதப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். வெயில் சாயச் சாய எனக்குக் கை கால் ஓடல. நீங்கள்லாம் டீ குடிச்சுக்கிட்டு, போன் பாத்துக்கிட்டு நிம்மதியா இருந்தீங்க.

என்ன நேரமா? அதுங்க வீடு திரும்பற நேரம்மா. கொக்கு, நாரை, ஆள்காட்டி, எல்லாம். இருட்டறதுக்கு முன்னால அரை மணி நேரம். மொத்தமும் ஒரே சமயத்துல வரும்.

சொன்னேன். சொல்லாம இருப்பேனா? கவுண்டர்ல இருந்த அம்மாகிட்டச் சொன்னேன். கேட்ல டிக்கெட்டக் கிழிச்ச தம்பிகிட்டச் சொன்னேன். வாசல்ல நின்ன பொண்ணுகிட்டயும் சொன்னேன், ரன்வே கடைசில இந்நேரம் கூட்டம் இறங்கும், பத்து நிமிஷம் பொறுத்து எடுக்கச் சொல்லுங்கன்னு. அது எனக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து கொடுத்துச்சு. டவர் ஆபீஸுக்கும் போன் போட்டேன். என்னோட இருந்தவங்க யாரும் இல்ல, எல்லாம் புது ஆளுங்க. நான் சொன்னதப் பொறுமையாக் கேட்டுட்டு, ஐயா, சுத்துவட்டாரத்துல பறவையே கிடையாதுன்னு எங்ககிட்ட ரிப்போர்ட் இருக்குன்னாரு. அந்த ரிப்போர்ட்டு... சரி, அத விடுங்க.

ஐயோ, நகருது. பின்னால தள்ளறாங்க. சத்தத்த வச்சே எனக்குத் தெரியும்மா, இழுவை வண்டி மாட்டியிருக்காங்க. இன்னும் ஒரு அஞ்சு, ஏழு நிமிஷம் இப்படியே ஊர்ந்து போகும். முன்னால எத்தன பிளேன் நிக்குதுன்னு தெரியல. ரெண்டு நின்னா நல்லாயிருக்கும். மூணு நின்னா இன்னும் நல்லாயிருக்கும்.

நீங்க எங்க இருக்கீங்க? ஏர்போர்ட் பக்கத்துலயேவா? அந்தப் புதுக் குடியிருப்பா! எந்த பிளாக்கு? நாரை பிளாக்கா. பேரு வச்சான் பாருங்க. கொக்கு பிளாக், நாரை பிளாக், ஆள்காட்டி பிளாக். யாரத் துரத்தினானோ அவங்க பேரையே சுவத்துல எழுதி வச்சிருக்கான். கோவிச்சுக்காதீங்க, உங்களச் சொல்லல. கஷ்டப்பட்டு லோன் போட்டு ஒரு வீட்ட வாங்கியிருப்பீங்க. நாலாவது மாடியா? அப்ப பால்கனில நின்னா ரன்வே தெரியுமே. சாயங்காலம் சாயங்காலம் பறவைங்க வட்டம் போடறதப் போட்டோ எடுப்பீங்களா? காட்டுங்க. ஆமா... ஆமா. அழகாத்தான் இருக்கு. இதோ, கழுத்த மடக்கிக்கிட்டுப் பறக்குது பாருங்க, இது கொக்கு. கழுத்த நீட்டிக்கிட்டுப் போறது நாரை. இது எப்ப எடுத்தது? நேத்தா? நேத்து சாயங்காலம் இவ்வளவு இருந்துச்சா?

அது ஏன் வட்டம் போடுதுன்னு யோசிச்சிருக்கீங்களாம்மா? விளையாட்டு இல்ல அது. படுக்கறதுக்கு இடம் தேடுது. உங்க பிளாக் நிக்கற இடம் மூணு வருஷத்துக்கு முன்னால முழங்கால் ஆழத் தண்ணியும் கோரைப் புல்லும். வேலி போட்டு, பாதுகாக்கப்பட்ட நிலம், உள்ளே வரக் கூடாதுன்னு பெரிய போர்டு. ராத்திரித் தங்கல் மொத்தமும் அங்கதான். எங்க ரன்வேக்கு வந்தா நான் ஒரு வேட்டு போடுவேன், அதுங்க நேரா அங்க போயிடும். எனக்கும் நிம்மதி, அதுங்களுக்கும் நிம்மதி. இப்ப ரன்வேயில விரட்டினா அங்க போகுது, அங்க மாடியும் விளக்கும் இருக்கு, திரும்ப இங்கயே வருது. இந்தப் பக்கத்துல கட்டடம் இல்லாத வெட்டவெளின்னா ரன்வே ஓரத்துப் புல்லு மட்டும்தான் மிச்சம். அதுங்க என்ன பண்ணும் பாவம்.

ஒரு பறவை உள்ள இழுபட்டுப் போனா இஞ்சின் தாங்கும்மா. தாங்கற மாதிரிதான் செஞ்சிருக்காங்க. போன மாசம் ஒண்ணு போச்சு. நான் பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டிருந்தேன். பிளேன் எழும்பி கொஞ்ச தூரம் போனதும் டமால்னு ஒரு சத்தம், ஒரு பக்கம் நெருப்பு எட்டிப் பாத்துச்சு. நான் அங்கயே தரையில உக்காந்துட்டேன். எப்படியோ சுத்தி வந்து இறக்கிட்டாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல. பேப்பர்ல நாலு வரி போட்டான். ஒண்ணு போனதுக்கே அப்படி. நீங்க போட்டோ எடுத்தீங்களே, அந்தக் கூட்டத்துக்குள்ள இது எழும்பிச்சுன்னா? ரெண்டு பக்க இஞ்சினும் சேந்து போச்சுன்னா? முன் சீட்டுல அந்தக் குழந்தை எட்டி எட்டி நம்மள பாத்து சிரிக்குது. நான் அதப் பாக்கவே கூடாதுன்னு இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

இப்ப விரட்டறதுக்கு ஆள் இல்லையான்னா? நல்லாக் கேட்டீங்க. காலையில ஒரு ஜீப் இருக்கு. சாயங்கால ஜீப்ப எடுத்துட்டாங்க. நான் ரிட்டயர் ஆகி நாலு மாசம் ஆச்சு, என் இடத்துக்கு யாரையும் போடல. ஏன்னா ரிப்போர்ட்ல பறவை சைபர். இல்லாத பறவைய விரட்ட எதுக்கு ஜீப், எதுக்கு டிரைவர்? அவங்க கேக்கறதும் நியாயம்தானே.

அந்த ரிப்போர்ட்ட யார் எழுதினதுன்னு கேக்க மாட்டீங்களா?

ம். நான்தான்.

அப்படிப் பாக்காதீங்கம்மா. ஒரு டீ வாங்கிக் குடிச்சது கிடையாது. காசு வாங்கியிருந்தாக்கூட, கெட்டவன்னு பேரெடுத்துட்டு அதோட முடிஞ்சிருக்கும். இது அதவிடக் கேவலம். கேளுங்க, யார்கிட்டயும் சொன்னதில்ல, வீட்டுக்காரிகிட்டகூட பாதிதான் சொல்லியிருக்கேன்.

ஏர்போர்ட்டப் பெருசாக்கினாங்க, ரெண்டாவது ரன்வே போட்டாங்க. அவ்வளவு பேர் வேலைக்கு வந்தா வீடு வேணும்ல. கட்டறவங்க கண்ணு அந்த நிலத்து மேல விழுந்துச்சு. பாதுகாப்பு நிலமாச்சே, எப்படிக் கட்டறது? அதுக்கு ஒரு வழி இருக்கு. மூணு நாள் ஒரு ஆள் போய் எண்ணணும். பறவை தங்கறதில்லன்னு எண்ணிக்கையில வந்தா போர்ட எடுத்துடலாம். எண்ணற ஆபீஸ்ல அப்ப ஆள் இல்ல. பறவையப் பாத்தா பேர் சொல்லத் தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களான்னு எங்க ஏர்போர்ட்டக் கேட்டாங்க. எங்க அதிகாரி, நம்ம வேட்டு இருக்கானேன்னு என்னை அனுப்பி வச்சாரு.

எனக்குப் பெருமை தாங்கல. முதல் தடவையா ஒரு படிச்ச வேலை. சட்டைய இஸ்திரி போட்டேன், புதுசா ஒரு தொப்பி வாங்கினேன். முதல் நாள் விடியக்காலம், நம்ம ஜீப்புலயே போனேன். இறங்கினேன். வேட்டுத் துப்பாக்கிய எடுத்து ரெண்டு போட்டேன். பத்து நிமிஷம் நின்னேன். தூரக் கண்ணாடிய எடுத்து மூலை மூலையாப் பாத்தேன். நோட்டுல சைபர்னு எழுதினேன்.

புரியலையா? ரன்வேல எங்க வேலை அதுதான்மா. முதல்ல விரட்டணும், அப்புறம் என்ன மிச்சம் இருக்குன்னு எண்ணி எழுதணும். எங்க நோட்டுல இருக்கறதே ஒரே ஒரு கட்டம், விரட்டிய பிறகு இருப்பதுன்னு. அதுல சைபர் எழுதினாத்தான் வேலை ஒழுங்கா நடந்துச்சுன்னு அர்த்தம். ஒரு நாளைக்கு இருபது தடவ, இருபது வருஷம், அதத்தான் எழுதினேன். அந்தப் பழக்கத்துல கை அது பாட்டுக்குத் துப்பாக்கிய எடுத்துடுச்சு. சத்தியமா எனக்கு ஒண்ணும் வித்தியாசமாவே தெரியல. மேல எழும்பிப் போச்சே, அது எவ்வளவு தெரியுமா? வானம் ஒரு நிமிஷம் வெளுத்துப் போச்சு. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? பரவாயில்ல, ரெண்டு வேட்டுலயே மொத்தமும் கிளம்பிடுச்சு, நல்ல வேலைன்னு நினைச்சேன். சாயங்காலமும் போனேன், அதையே செஞ்சேன். சைபர். அந்த எண்ணற ஆபீஸ்லேர்ந்து வந்து பக்கத்துல நின்னு பாத்த குமாஸ்தா கையெழுத்தும் போட்டாரு. அவருக்கு என்ன தெரியும், இதுதான் முறைன்னு நினைச்சுக்கிட்டாரு.

ராத்திரி தட்டுல கை வச்சேன். வீட்டுக்காரி கேட்டா, என்னென்ன பறவை பாத்தீங்கன்னு. ஒண்ணும் இல்லன்னு சொல்ல வாயத் திறந்தேன். அப்பத்தான்மா உறைச்சுது.

மறுநாள் போய் மாத்திச் சொல்லியிருக்கலாம்ல, அதானே கேக்கறீங்க? எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. மறுநாள் துப்பாக்கியத் தொடவே இல்ல. ஆனா முதல் நாள் நான் போட்ட நாலு வேட்டுல அதுங்க மிரண்டு போயிருந்துச்சு. ரெண்டாம் நாள் நாலு கொக்கு. மூணாம் நாள் ஏழு. அதையும் எழுதினேன். குமாஸ்தா கூட்டிக் கழிச்சு, நிரந்தரமாத் தங்கறது சைபர்னு போட்டு என்கிட்டக் கையெழுத்துக்கு நீட்டினாரு. சொல்லணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஐயா, நான் பழக்க தோஷத்துல விரட்டிட்டு எண்ணிட்டேன்னு எப்படிம்மா சொல்றது? பறவைய எண்ணச் சொன்னா வேட்டு போட்டுட்டு எண்ணினானாம்னு ஏர்போர்ட் முழுக்கச் சிரிப்பாங்களே. மூணு நாளாப் புதுத் தொப்பி போட்டுக்கிட்டு திரிஞ்சேனே. அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். நம்ம பேச்ச மட்டும் நம்பியா இவ்வளவு பெரிய முடிவ எடுக்கப் போறாங்க, மேல யாராவது திரும்ப வந்து பாப்பாங்கன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். யாரும் வரல. கையெழுத்துப் போட்டேன். ரெண்டு மாசத்துல போர்டு போச்சு, மண்ணு லாரி வந்துச்சு.

திரும்புது. எந்தப் பக்கம் திரும்புது? இடது பக்கம். அப்ப கிழக்கு முனைலேர்ந்து மேற்கப் பாத்து ஓடும். அதுங்க இறங்கற பக்கம்தான்.

இல்லம்மா, குடிச்சாலும் சரியாகாது. தண்ணி வேண்டாம்.

அப்புறம் சொல்லவே இல்லையான்னா, ஒரு தடவ சொன்னேன். சாயங்கால ஜீப்ப எடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் புது அதிகாரி ரூமுக்குப் போனேன். சின்ன வயசு, நல்ல மனுஷன்தான், உக்காருங்கன்னு சொன்னாரு. சார், அந்த சைபர் தப்பு சார்னேன். கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டினாரு. இது உங்க கையெழுத்துதானேன்னாரு. ஆமாம் சார். அப்ப நீங்க எழுதினது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா? இப்ப சொல்றது நிஜம்னா விசாரணை வரும், எண்ணூறு வீடு கட்டினதும் கேள்விக்கு வரும், நான் எழுதி மேல அனுப்பவான்னு கேட்டாரு. மிரட்டல. சாதாரணமாத்தான் கேட்டாரு. கல்யாணமான பொண்ணு, மரியாதையான சம்பந்தி வீடு, எல்லாம் கண்ணு முன்னால வந்து போச்சு. இல்ல சார், எதுக்கும் இருக்கட்டும்னு சொன்னேன்னுட்டு வந்துட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு! உலகத்துல யாராவது இப்படி ஒரு வார்த்தையச் சொல்லிட்டு ஓடி வருவாங்களா?

ரிட்டயர் ஆன பிறகும் தினமும் சாயங்காலம் வேலி ஓரமாப் போய் நிப்பேன். கையில துப்பாக்கி கிடையாது. துண்ட வீசுவேன். தட்டு எடுத்துட்டுப் போய்த் தட்டிப் பாத்தேன். காவலுக்கு இருக்கறவன் பைத்தியம்னு நினைச்சுக்கிட்டுத் துரத்தினான். ஒவ்வொரு பிளேனும் எழும்பி மேகத்துக்குள்ள மறையற வரைக்கும் மூச்ச விட மாட்டேன். வீட்டுக்காரி கேப்பா, தினம் எங்க போறீங்கன்னு. நடைப்பயிற்சிம்பேன். எனக்கு நிஜமாவே எடை குறைஞ்சுது, அவளுக்கு சந்தோஷம்.

முன்னால எத்தன நிக்குது, உங்களுக்குத் தெரியுதா? ஒண்ணுதானா. அதுவும் ஓட ஆரம்பிச்சிடுச்சா. போகட்டும்... போகட்டும்... எழும்பிடுச்சு. எழும்பிடுச்சும்மா. தப்பிச்சாங்க. அவங்க தப்பிச்சாங்க.

இப்ப நம்ம முறை.

ஜன்னல் வழியாப் பாருங்க. அதோ, வேலிக்கு அந்தப் பக்கம், உங்க பிளாக் மேல. புகை மாதிரி தெரியுதுல்ல? புகை இல்ல அது. வட்டம் போட ஆரம்பிச்சாச்சு. இன்னும் ரெண்டு நிமிஷத்துல ஒண்ணு இறங்கும். அது இறங்கினா மத்ததெல்லாம் பின்னாலயே இறங்கும். ஆமாம்மா, பாத்தா சின்னதாத்தான் தெரியும். ஒவ்வொண்ணும் நீங்க கைய விரிச்சா எவ்வளவு நீளமோ அவ்வளவு இருக்கும். என் கையப் பிடிச்சுக்கங்க, பரவாயில்ல. ஈரமா இருக்கும், துடைச்சுட்டுத் தரேன்.

இஞ்சின ஏத்தறான். இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இதுக்கப்புறம் பிரேக்க விடுவான். விட்டுட்டா முப்பது செகண்டு, நாப்பது செகண்டு. ஐயோ, ஏன் இன்னும் யாரும் சொல்லல? மணி என்ன? ஆறு ஆகப் போகுதா? இருபது நிமிஷம் ஆச்சே. இந்நேரம் சொல்லியிருக்கணுமே. யாரும் மேல சொல்லாமலே விட்டுட்டாங்களா?

கண்ண மூடிக்கங்கம்மா. நானும் மூடிக்கறேன்.

...

என்ன? குறைச்சிட்டானா? நிஜமாவா? நிக்குதா? நின்னுடுச்சா?

அப்பாடா. அப்பாடா. கொஞ்சம் இருங்க, எனக்கு மூச்சு வரட்டும். அழறேனா? அழல, சும்மா தண்ணியா வருது.

என்ன சொல்றாரு மைக்ல? தொழில்நுட்பக் காரணமா? அப்படித்தான் சொல்லுவாங்க. நம்மள பயமுறுத்தக் கூடாதுல்ல. இல்லம்மா, பறவையப் பாத்துட்டு நிறுத்தல. பைலட் நேர் முன்னாலதான் பாத்துக்கிட்டிருப்பாரு, பக்கத்துல வட்டம் போடறது அவர் கண்ணுல படாது. பறவைன்னு சொன்னதுக்கெல்லாம் யாரும் நிறுத்தலன்னுதான் சொன்னேனே. கவுண்டர், கேட்டு, வாசல், டவருன்னு நாலு பேர்கிட்டச் சொன்னேன். தண்ணி கொடுத்தாங்க.

நீங்க மேல பைய வச்சுக்கிட்டிருந்தீங்களே, அப்ப ஏர்போர்ட் விசாரணை நம்பருக்கு இன்னொரு போன் பண்ணேன். இந்த பிளேன்ல குண்டு இருக்குன்னு சொல்லிட்டேன்.

கத்தாதீங்கம்மா, கத்தாதீங்க, குழந்தை பயந்துக்கும். ஒண்ணும் கிடையாது. என் பைய வேணும்னா பிரிச்சுப் பாருங்க. ரெண்டு சட்டை, ஒரு மாத்திரைப் பட்டை, பொறக்கப் போறதுக்கு வாங்கின ஒரு குல்லா. அவ்வளவுதான் இருக்கு. என் பேரச் சொன்னேன், சீட் நம்பரும் சொன்னேன். எங்க ஏர்போர்ட்ல ஒரு சேதி கீழேர்ந்து மேல போய்ச் சேர இருபது நிமிஷம் ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும். அந்த இருபது நிமிஷமும்தான் உங்ககிட்டப் பேசிக்கிட்டே இருந்தேன். பேசாம இருந்திருந்தா செத்திருப்பேன்.

பயமா இல்லையான்னா, இருக்கும்மா. முன்னவிட அதிகமா இருக்கு. ஜெயில்ல போடுவாங்க. பேத்தியோ பேரனோ, பொறக்கும்போது நான் அங்க இருக்க மாட்டேன். சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்களோ. ஆனா இனிமே ஏன் செஞ்சேன்னு கேட்டுத்தானே ஆகணும்? சுத்தி உக்காந்து, ஒருத்தர் விடாம கேப்பாங்க. மூணு வருஷமா யாரும் கேக்கல. கேட்டா சொல்லிடுவேன். இருக்கறத இல்லன்னு எழுதினதும் நான்தான், இல்லாதத இருக்குன்னு சொன்னதும் நான்தான்னு, ரெண்டையும் சேத்தே சொல்லிடுவேன். உங்க வீட்டுக்கு அதனால ஏதாவது சிக்கல் வந்தா, என்னை மன்னிச்சுடுங்க. உங்ககிட்டதான் அதக் கேக்கணும்னு இப்பத்தான் தோணுது.

அதோ பாருங்க, வண்டிங்க கிளம்பிடுச்சு. எட்டு வண்டி, சைரன் போட்டுக்கிட்டு ரன்வே மேலயே வருது. எழும்புது பாருங்க, பறவைங்க ஒண்ணு பாக்கியில்லாம மொத்தமும் எழும்புது! நல்ல சத்தம். நாலு மாசமா இதுக்கு ஒரே ஒரு ஜீப்பு வராதான்னுதான் தவிச்சுக்கிட்டிருந்தேன்.

நம்ம கதவத் திறப்பாங்க இப்ப. கைய விடுங்கம்மா, கொஞ்சம் எழுந்து வழி விடுங்க. அவங்க உள்ள வந்து என்னைத் தேடினா எல்லாரும் பயந்துடுவாங்க, நானே முன்னால போய் நின்னுக்கறேன்.